சைன் என்னும் ஆங்கிலச் சொல்: கைச்சைகை மொழியான வரலாறு

'சைன்' என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொற்களுள் ஒன்று. கையெழுத்து, அடையாளக் குறி, அறிவிப்புப் பலகை, நோயின் அறிகுறி, சோதிட இராசி, கூட்டல் கழித்தல் குறி, கைச்சைகை எனப் பல பொருள்களில் இது வருகிறது. பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் பயன்படுகிறது. தமிழர்களின் பேச்சிலும் இது கலந்துவிட்டது. வங்கியிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் 'சைன் பண்ணுங்கள்' என்று சொன்னால் கையெழுத்திடுமாறு கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புரியும்.

இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில் அதன் முதற்பொருள்களுள் ஒன்று, கையை அசைத்துக் கருத்தைத் தெரிவிப்பது என்பதாகும். அந்தப் பொருள் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறையாமல் இருந்துவருகிறது. ஆனால் கையசைவு என்பது பேச்சுக்குத் துணையான வெறும் சைகையா, அல்லது தனித்த மொழியா என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் இருந்தது. காது கேளாத குழந்தைகள் பள்ளியில் எப்படிக் கற்றார்கள், யாரிடம் கற்றார்கள், எதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் அக்கேள்விக்கு அந்தந்தக் காலம் தந்த விடையைப் பொறுத்தே அமைந்தன.

சொல்லின் தோற்றம்

இலத்தீன் மொழியில் 'சிக்னும்' என்றால் அடையாளம், குறி என்று பொருள். உரோமானியப் படைப்பிரிவுகள் தூக்கிச் சென்ற கொடிச் சின்னத்துக்கும் அதுவே பெயர். இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்கும், அங்கிருந்து 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் இச்சொல் வந்தது. அப்போது அது கையால் காட்டும் குறிப்பையும், கிறித்தவர்கள் நெற்றியிலும் மார்பிலும் இடும் சிலுவை அடையாளத்தையும் குறித்தது. வினைச்சொல்லாக முதலில் சிலுவை அடையாளம் இடுதலையும், பின்னர் முத்திரையிடுதலையும், 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயரெழுதி ஒப்பமிடுதலையும் குறித்தது. கைச்சைகையால் உரையாடுதல் என்ற வினைப்பொருள் 1700ஆம் ஆண்டை ஒட்டிப் பதிவாகிறது.

பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன்பு ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு 'டோக்கன்' என்ற சொந்தச் சொல் இருந்தது. இன்று மருத்துவமனையிலும் வங்கியிலும் வரிசை எண்ணுக்காக நாம் வாங்கும் டோக்கனும் அதே சொல்தான். புதிய சொல் வலுப்பெற்றதும் பழைய சொல்லின் பொருள் சுருங்கிப்போனது.

இலத்தீன் வேரிலிருந்து பெருங்குடும்பமே பிறந்துள்ளது. சாலையில் நிற்கும் சிக்னல், ஆடையிலும் கட்டடத்திலும் பார்க்கும் டிசைன், பதவியை விட்டு விலகும்போது சொல்லும் ரிசைன், அலுவலக முத்திரையான சீல் ஆகியவை யாவும் அதன் கிளைகளே. முக்கோணவியலில் படிக்கும் 'சைன்' மட்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது வளைவு எனப் பொருள்படும் வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் மாணவர்கள் குழம்ப வேண்டியதில்லை.

பொருளில் நெருங்கிய சொற்கள்

கை, தலை அசைவுகளைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உள்ளன. 'வேவ்' என்பது வரவேற்கவோ விடைபெறவோ கையசைத்தல். 'நாட்' என்பது தலையை மேலும் கீழும் அசைத்தல். 'பாயின்ட்' என்பது விரலால் சுட்டுதல். 'பெக்கன்' என்பது அருகில் வரும்படி கைகாட்டி அழைத்தல். தொலைவிலிருந்து எச்சரிக்க மூட்டும் தீயைக் குறிக்கும் 'பீக்கன்' என்ற சொல்லோடு இது உறவுடையது. 'ஜெஸ்சர்' என்பது பொதுவாக எந்த உடற்குறிப்புக்கும் பொருந்தும்.

இவற்றிலிருந்து 'சைன்' வேறுபடும் இடம் ஒன்று உண்டு. மற்றச் சொற்கள் அசைவையே முதன்மையாகக் குறிக்கின்றன. 'சைன்' அந்த அசைவு எதைச் சுட்டுகிறது என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. பொருளோடு பிணைந்த அசைவு என்ற இந்தக் கருத்தே பிற்காலத்தில் காது கேளாதோரின் மொழிக்கு இச்சொல் பெயராக நிலைபெறக் காரணமாயிற்று.

மடங்களில் கைச்சைகை

ஐரோப்பாவில் கைச்சைகைகளை முறையாகத் தொகுத்தவர்கள் பேச முடிந்தவர்களே. பெனடிக்ட் நெறியைப் பின்பற்றிய துறவு மடங்களில் உணவுக் கூடம், வழிபாட்டிடம், இரவு நேரம் ஆகியவற்றில் பேசாநோன்பு காக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் உப்பு வேண்டும், நூல் வேண்டும், மெழுகுவத்தி வேண்டும் என்று கேட்க வழி தேவைப்பட்டது. பிரான்சின் குளூனி மடத்தில் 10ஆம் நூற்றாண்டில் இதற்கான சைகைகள் வழக்கில் இருந்தன.

இங்கிலாந்தில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய ஆங்கிலக் கையெழுத்துப்படி ஒன்றில் 127 சைகைகள் விளக்கப்பட்டுள்ளன. உப்பு கேட்க மூன்று விரல்களைச் சேர்த்து, உப்புத் தூவுவதுபோல் கையை அசைக்க வேண்டும். பால் கேட்க ஒரு கையின் விரலை மற்றொரு கையால் பால் கறப்பதுபோல் நீவ வேண்டும். 'சைன்' என்ற சொல் ஆங்கிலத்துக்கு இன்னும் வராத காலம் அது. ஆகவே அப்பட்டியலில் 'டோக்கன்' என்ற சொல்லின் பழைய வடிவமே காணப்படுகிறது.

இச்சைகைகள் பெரும்பாலும் பொருள்களின் பெயர்களாக இருந்தன. துறவிகள் அறிந்த மொழியில் அவற்றுக்குச் சொற்கள் ஏற்கெனவே இருந்தன. பேச்சைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கும்போது பயன்பட்ட மாற்று ஏற்பாடு இது. காது கேளாதோர் தமக்குள் வளர்த்துக்கொண்ட சைகையோ இவ்வாறு மாற்றாக வந்ததன்று. அதுவே அவர்களுடைய முதல் மொழி.

காது கேளாதோரும் தொடக்கக் கல்வியும்

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் ஓன்யா மடத்தைச் சேர்ந்த பேத்ரோ போன்செ தெ லியோன் என்ற பெனடிக்ட் துறவி, உயர்குடியினரின் காது கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். அவர் 1584இல் மறைந்தார். 1620இல் ஹுவான் பாப்லோ போனெட் என்பவர் ஸ்பெயினில் வெளியிட்ட நூலில் ஒரு கையால் எழுத்துகளைக் காட்டும் விரலெழுத்து முறை படங்களோடு அச்சாயிற்று. இங்கிலாந்தில் ஜான் புல்வர் என்ற மருத்துவர் 1644இல் கையின் இயல்பான மொழி பற்றி ஒரு நூலையும், 1648இல் காது கேளாதோர் பற்றி மற்றொரு நூலையும் எழுதினார்.

சாதாரண மக்களிடையே சைகை எவ்வாறு வழங்கியது என்பதற்கு இலண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1666 நவம்பர் 9 அன்று எழுதிய பதிவு நல்ல சான்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இலண்டன் பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்திருந்தது. விருந்து ஒன்றுக்கு வந்த வாய் பேசாத இளைஞன் ஒருவன், தீயைப் பற்றியும் மன்னர் வெளியே வந்து நின்றதைப் பற்றியும் கைச்சைகைகளால் விவரித்தான். பீப்ஸுக்கு அது விளங்கவில்லை. உடனிருந்த ஜார்ஜ் டவுனிங்கோ அதை எளிதாகப் புரிந்துகொண்டார். சிறிது பழகினால் போதும், அவன் சொல்வது நமக்கும் நாம் சொல்வது அவனுக்கும் விளங்கிவிடும் என்று அவர் பீப்ஸிடம் கூறினார். சைகை தெரிந்தவருக்கு அந்த இளைஞன் செய்தி சொல்பவன். தெரியாதவருக்கு விந்தையாகக் கையாட்டுபவன். பின்வந்த மூன்று நூற்றாண்டுகளின் வழக்கும் இந்தச் சிறு பதிவில் அடங்கியிருக்கிறது.

பாரிஸ் பள்ளி

1760ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸில் சார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற பாதிரியார் காது கேளாதோருக்கான பள்ளியை நடத்தத் தொடங்கினார். காது கேளாத இரட்டைச் சகோதரிகளைச் சந்தித்தது அவரை இப்பணிக்குத் திருப்பியது. செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்குத் தனியாகக் கற்பிப்பதே அதுவரை வழக்கம். லெப்பே ஏழைகளையும் சேர்த்துக் கூட்டமாக அமரவைத்துக் கற்பித்தார். பாரிஸ் நகரக் காது கேளாதோரிடையே ஏற்கெனவே வழங்கிய சைகைகளைத் தாம் கற்றுக்கொண்டு, பிரெஞ்சு இலக்கணக் கூறுகளுக்கான சைகைகளையும் அவற்றோடு சேர்த்தார். பொதுமக்கள் வந்து காணும்படி பாடங்களை நடத்தியதால் அவருடைய புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது.

லெப்பே சைகை மொழியைக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. மாணவர்களின் மொழியை ஆசிரியர் கற்றுக்கொண்டு அதன் வழியே பாடம் சொன்னார் என்பதே அவருடைய உண்மையான சாதனை. அவர் 1789இல் மறைந்தபின் சிக்கார் பாதிரியார் பள்ளியை ஏற்றார். 1791இல் அது அரசு நிறுவனமாயிற்று.

அதே 1760ஐ ஒட்டிய காலத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தாமஸ் பிரெயிட்வுட் கட்டணப் பள்ளியொன்றைத் தொடங்கிப் பேச்சுப் பயிற்சிக்கு முதன்மை தந்தார். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் 1778இல் சாமுவேல் ஹைனிக்கே தொடங்கிய பள்ளியும் பேச்சையே வலியுறுத்தியது. பேச்சா, சைகையா என்ற போட்டி இவ்வாறு ஆரம்பமாயிற்று.

அமெரிக்காவுக்குச் சென்ற சைகை

1815இல் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் என்ற இளம் பாதிரியார் காது கேளாதோர் கல்வி முறையைக் கற்க அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்றார். அவருடைய அண்டை வீட்டில் ஆலிஸ் காக்ஸ்வெல் என்ற காது கேளாத சிறுமி இருந்தாள். பிரெயிட்வுட் குடும்பத்தார் தம் முறையைத் தடையின்றிக் கற்றுத்தர முன்வரவில்லை. இலண்டனுக்கு வந்திருந்த சிக்காரையும் அவருடைய மாணவர்களையும் சந்தித்த கேலடெட், அங்கிருந்து பாரிஸுக்குச் சென்றார்.

1816இல் அவர் நாடு திரும்பியபோது பாரிஸ் பள்ளியின் ஆசிரியரான லோரான் கிளேர் உடன் சென்றார். கிளேர் தாமே காது கேளாதவர். கப்பற் பயணத்தில் கேலடெட்டுக்கு அவர் சைகை கற்பித்தார். கேலடெட் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். 1817 ஏப்ரல் 15 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அவர்களுடைய பள்ளி திறக்கப்பட்டது. கிளேர் அமெரிக்காவிலேயே குடியேறி 1869இல் மறைந்தார். அங்கே பயின்றவர்கள் பிற மாநிலங்களில் பள்ளிகளை அமைத்தனர். அமெரிக்கச் சைகை மொழி இன்றும் பிரெஞ்சுச் சைகை மொழியோடு நெருங்கிய உறவு கொண்டிருப்பதற்கும், ஆங்கிலம் பேசும் நாடாகிய பிரிட்டனின் சைகை மொழியிலிருந்து பெரிதும் வேறுபட்டிருப்பதற்கும் இதுவே காரணம். பிரிட்டனில் விரலெழுத்துக்கு இரு கைகளும் வேண்டும். அமெரிக்காவில் ஒரு கை போதும்.

மாசச்சூசெட்ஸ் கரையை அடுத்த மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வேறொரு நிலை இருந்தது. மரபுவழிக் காரணங்களால் அங்கே 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 155 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். சில்மார்க் ஊரில் இந்த விகிதம் 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தது. அதனால் காது கேட்பவர்களும் சிறுவயதிலேயே சைகை மொழியைக் கற்றுக்கொண்டனர். காது கேளாதவர்கள் மீன் பிடித்தனர், பயிரிட்டனர், ஊர்க்கூட்டத்தில் கலந்துகொண்டனர். ஊரார் அவர்களைத் தனிக் கூட்டமாக எண்ணவில்லை.

1864இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லூரி பட்டம் வழங்க அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அக்கல்லூரியே இன்றைய கேலடெட் பல்கலைக்கழகம். கையெழுத்திடுதல், சைகையால் உரையாடுதல் என்ற 'சைன்' சொல்லின் இரு பொருள்களும் அந்நாளில் ஒன்றுகூடின எனலாம்.

மிலான் மாநாடு

1880 செப்டம்பர் 6 முதல் 11 வரை இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு நடந்தது. 164 பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இத்தாலியர்கள். காது கேளாதவர் ஒருவர் மட்டுமே. சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது, ஆகவே காது கேளாதோருக்குப் பேச்சு வழியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற தீர்மானம் 160 பேர் ஆதரவுடன் நிறைவேறியது. 4 பேர் மட்டுமே எதிர்த்தனர். பேச்சோடு சைகையைச் சேர்த்துப் பயன்படுத்துவதும் தீங்கானது என்று மற்றொரு தீர்மானம் கூறியது.

இதை ஆதரித்தவர்கள் அனைவரும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். சைகை குழந்தைகளைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும், பேச்சு அவர்களை மற்றவர்களோடு சேர்க்கும் என்று பலர் உண்மையாகவே நம்பினர். தொலைபேசிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் பேச்சு முறையின் முன்னணி ஆதரவாளர். அவருடைய தாய்க்குக் கேட்கும் திறன் மிகக் குறைவு. மனைவி மேபல் சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். ஆயினும் சைகையால் உரையாடுவோர் தனிச் சமுதாயமாகக் கூடிவிடுவார்கள் என்று பெல் அஞ்சினார்.

இக்கொள்கையின் அடியில் ஒரு பிழையான எண்ணம் இருந்தது. 'சைன்' என்றால் படம் காட்டுவதுபோன்ற கையசைவு, அதற்கு இலக்கணம் கிடையாது, ஆழ்ந்த சிந்தனையை அது தாங்காது என்பதே அது. மொழியை விலக்குகிறோம் என்று அவர்கள் எண்ணவில்லை. ஒரு கெட்ட பழக்கத்தை நிறுத்துவதாகவே எண்ணினர்.

விளைவு கடுமையாக இருந்தது. பல பள்ளிகளில் சைகை தடைசெய்யப்பட்டது. கையை அசைத்த குழந்தைகள் அடிபட்டனர். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவோ மேசைமேல் அசையாமல் வைத்திருக்கவோ கட்டாயப்படுத்தப்பட்டனர். கேட்டறியாத ஒலியை எழுப்பவும், ஆசிரியரின் உதட்டைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கவும் பயிற்சி பெறுவதிலேயே பள்ளி நாள்களின் பெரும்பகுதி கழிந்தது. உதட்டசைவில் பல ஒலிகள் ஒன்றுபோலவே தோன்றும். தமிழில் 'பால்', 'மால்' என்ற இரு சொற்களையும் ஒலியின்றிச் சொல்லிக் கண்ணாடியில் பார்த்தால் இந்தத் துன்பம் விளங்கும்.

காது கேளாத ஆசிரியர்களும் வேலை இழந்தனர். அமெரிக்காவில் 1870ஐ ஒட்டி இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் காது கேளாதவர்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் இது 15 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. தம்மைப் போன்ற ஒருவர் வளர்ந்து ஆசிரியராக நிற்பதைக் காணும் வாய்ப்பை ஒரு தலைமுறைக் குழந்தைகள் இழந்தனர்.

மறைவில் வாழ்ந்த மொழி

தடை இருந்தும் மொழி அழியவில்லை. விடுதி அறைகளிலும் விளையாட்டுத் திடலிலும் மூத்த பிள்ளைகளிடமிருந்து இளையோர் அதைக் கற்றனர். காது கேளாத பெற்றோரின் வீடுகளில் அது தாய்மொழியாகவே தொடர்ந்தது. மிலான் மாநாடு நடந்த அதே 1880இல் அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் தோன்றியது. 1913இல் அதன் முன்னாள் தலைவர் ஜார்ஜ் வெடிட்ஸ், சைகை மொழியைக் காக்க வேண்டும் என்று சைகையாலேயே ஆற்றிய உரை திரைப்படச் சுருளில் பதிவாயிற்று. ஏட்டில் எழுத இயலாத மொழியைக் காக்க அப்போது புதிதாக வந்த திரைப்படத்தை அவர்கள் பயன்படுத்தினர். அந்தச் சுருள் இன்றும் உள்ளது.

ஸ்டோக்கியின் ஆய்வு

1955இல் கேலடெட் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்க வில்லியம் ஸ்டோக்கி வந்தார். மாணவர்கள் தமக்குள் உரையாடுவதைக் கூர்ந்து பார்த்தபோது அதில் ஒழுங்கு இருப்பதைக் கண்டார். 1960இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஒவ்வொரு 'சைன்'-உம் சிறு கூறுகளாகப் பிரியக்கூடியது என்று காட்டியது. கையின் வடிவம், கை நிற்கும் இடம், கையின் அசைவு ஆகிய மூன்றும் அக்கூறுகள். தமிழில் 'கல்', 'பல்' என்று ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறுவதுபோல, சைகையிலும் ஒரு கூறு மாறினால் பொருள் மாறுகிறது.

அமெரிக்கச் சைகை மொழியில் ஐந்து விரல்களையும் விரித்துக் கட்டைவிரலை நெற்றியில் தொட்டால் தந்தை. அதே கையைத் தாடையில் தொட்டால் தாய். வளைத்த சுட்டுவிரலை நெற்றியின் குறுக்கே இழுத்தால் கோடைக்காலம். மூக்கருகே இழுத்தால் அழகற்றது. தாடையருகே இழுத்தால் உலர்ந்தது. கோடைக்கும் உலர்ச்சிக்கும் கையின் வடிவமோ அசைவோ மாறவில்லை. இடம் ஒன்றே பொருளை மாற்றுகிறது. முகமும் இலக்கணத்தில் பங்குகொள்கிறது. புருவத்தை உயர்த்தினால் கூற்றுத் தொடர் ஆம், இல்லை என்று விடைதரும் வினாத் தொடராகிவிடும்.

1965இல் ஸ்டோக்கி, காது கேளாத ஆய்வாளர்களான டோரத்தி காஸ்டர்லைன், கார்ல் குரோனெபெர்க் ஆகியோருடன் சேர்ந்து அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில் சொற்கள் ஆங்கில அகர வரிசையில் இல்லாமல், கை வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு வரிசைப்படுத்தப்பட்டன. ஒரு மொழியின் சொற்களை அம்மொழியின் கூறுகளாலேயே வரிசைப்படுத்தியது பெரும் மாற்றமாகும். உடன் பணியாற்றியோர் பலர் முதலில் இவ்வாய்வைப் பொருட்படுத்தவில்லை. காது கேளாதவர்களிலேயே சிலர் ஐயுற்றனர். தம் மொழி மொழியே அன்று என்று பல்லாண்டுகள் சொல்லக் கேட்டவர்கள் அவர்கள்.

சைகைக்கும் சைகை மொழிக்கும் வேறுபாடு

பின்னர் வந்த ஆய்வுகள் ஸ்டோக்கியின் முடிவை உறுதிசெய்தன. கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் உர்சுலா பெலூகியும் அவருடைய குழுவினரும் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட காது கேளாதோரை ஆராய்ந்தனர். பேச்சுக்கு முதன்மையாகப் பயன்படும் மூளையின் இடப்பகுதி பாதிக்கப்பட்டால் சைகை மொழியும் சிதைந்தது. ஆனால் பேச்சோடு கலந்துவரும் இயல்பான கையசைவுகளைச் செய்யும் திறன் அவர்களிடம் எஞ்சியிருந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டும் மூளைக்கு வெவ்வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

நிகராகுவா நாட்டில் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் காது கேளாத குழந்தைகள் முதன்முறையாகப் பெரிய எண்ணிக்கையில் பள்ளிகளில் ஒன்றுசேர்ந்தனர். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியைக் கற்பிக்க முயன்றனர். குழந்தைகளோ தம் வீட்டுச் சைகைகளைப் பகிர்ந்து புதிய மொழியையே உருவாக்கினர். பின்னர் வந்த சிறு பிள்ளைகள் அதற்கு மேலும் செறிவான இலக்கணத்தைத் தந்தனர். ஒரு மொழி பிறப்பதை அறிஞர்கள் நேரில் காண இது அரிய வாய்ப்பாயிற்று.

உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழி உண்டு என்பது பரவலான தவறான எண்ணம். நாட்டுக்கு நாடு சைகை மொழிகள் வேறுபடுகின்றன.

உரிமையும் ஏற்பும்

1988 மார்ச்சில் கேலடெட் பல்கலைக்கழகத்துக்குக் காது கேட்கும் ஒருவரே மீண்டும் தலைவராக நியமிக்கப்பட்டபோது மாணவர்கள் வளாகத்தை மூடிப் போராடினர். ஒரு வாரத்துக்குள் அவர் விலகினார். கிங் ஜார்டன் காது கேளாத முதல் தலைவரானார். கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்து 124 ஆண்டுகள் ஆன பிறகே இது நிகழ்ந்தது.

பிரிட்டன் அரசு 2003இல் பிரிட்டிஷ் சைகை மொழியைத் தனி மொழியாக ஏற்றது. 2022இல் அதற்கெனச் சட்டம் வந்தது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, மொழி என்பது பேச்சு மொழிகளையும் சைகை மொழிகளையும் உள்ளடக்கும் என்று வரையறுத்தது. மிலானில் மறுக்கப்பட்டது இங்கே சட்டச் சொல்லாயிற்று. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்விப் பன்னாட்டு மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து அவற்றின் தீய விளைவுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. இடைப்பட்ட காலம் 130 ஆண்டுகள். 2018 முதல் செப்டம்பர் 23 பன்னாட்டுச் சைகை மொழிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்தியாவிலும் தமிழிலும்

இந்தியாவில் காது கேளாதோருக்கான பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. பம்பாயில் 1885இலும், கல்கத்தாவில் 1893இலும் பள்ளிகள் தொடங்கின. திருநெல்வேலியை அடுத்த பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற ஆங்கில மறைப்பணியாளர் 1890களில் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் விளங்குகிறது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2015இல் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தில்லியில் அமைக்கப்பட்டது. 2021இல் அது வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் உள்ளன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழி அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்த வேண்டும் என்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்தியச் சைகை மொழியை நாடு முழுவதும் தரப்படுத்த வேண்டும் என்று கூறுகிறது.

தமிழில் கையசைவுக்கும் காது கேளாதோரின் மொழிச் சொல்லுக்கும் 'சைகை' என்ற ஒரே சொல் வழங்குகிறது. பேருந்தை நிறுத்தக் கைகாட்டுவதும் சைகைதான். காது கேளாத மாணவி அறிவியல் விதியொன்றை விளக்குவதும் சைகைதான். 'சைகை மொழி' என்று முழுமையாகச் சொன்னால் இவ்வேறுபாடு தெளிவாகும். 'ஊமைப் பாஷை' போன்ற பழைய வழக்குகளைத் தவிர்ப்பது நல்லது. மொழியுடைய ஒருவரை ஊமை என்பது பொருந்தாது.

இன்றைய ஆங்கில வழக்கு

ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் இவற்றை நினைவில் கொள்ளலாம். 'சைன்' வினைச்சொல்லாக வந்து அதன் பின் படிவம், கடிதம், ஒப்பந்தம் போன்ற சொற்கள் வந்தால் கையெழுத்திடுதல் என்று பொருள். அவ்வாறு எதுவும் வராமல், ஒருவர் இன்னொருவரிடம் 'சைன்' செய்தார் என்று வந்தால் சைகையால் தெரிவித்தார் அல்லது சைகை மொழியில் உரையாடினார் என்று பொருள். எது என்பதைச் சூழலே காட்டும். சைகை மொழியில் உரையாடுபவர் 'சைனர்' எனப்படுகிறார். ஒப்பமிடுபவருக்கு ஆவணங்களில் 'சிக்னட்டரி' என்ற சொல் வருகிறது. 'சைன் இன்' என்றால் வருகையைப் பதிதல் அல்லது கணினிக் கணக்கில் நுழைதல். 'சைன் அப்' என்றால் பெயரைப் பதிந்து சேர்தல்.

மடத்துத் துறவியின் உப்புச் சைகை முதல் ஐ.நா. உடன்படிக்கையின் வரையறை வரை, கைகள் செய்த வேலையில் பெரிய மாற்றம் இல்லை. அவற்றைப் பார்த்தவர்கள் புரிந்துகொண்டது மாறியிருக்கிறது. சிறிது பழகினால் போதும் என்று டவுனிங் 1666இல் சொன்னது இன்றும் பொருந்தும். காது கேளாத குழந்தை பயிலும் பள்ளியில் ஆசிரியரும் உடன்பயிலும் மாணவரும் சில சைகைகளையாவது கற்றுக்கொண்டால், அக்குழந்தைக்கு அது பாடநூலுக்கு இணையான உதவியாகும்.